புரோபேட் கட்டாயமில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் முடிந்து கலைந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம், "இப்போதுதான் சட்டத்தையே எடுத்துவிட்டார்களே, உங்கள் அத்தை உயிலுக்காக நீங்கள் மூன்றாண்டு ஹைகோர்ட்டுக்கு அலைந்ததெல்லாம் வீண்தானே?" என்று கேட்டார். அருகிலிருந்தவர்களும், இனி உயிலைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பட்டாவை மாற்றிவிடலாம், வழக்கறிஞர் செலவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். இதே எண்ணம் சென்னையில் பல வீடுகளில் பரவியிருப்பதைக் காண்பதால்தான், ஒரு உயிலின் நிறைவேற்றுநராக, அதாவது அதில் எழுதியபடி சொத்தை ஒப்படைக்க அந்த உயிலிலேயே நியமிக்கப்பட்டவனாக இருந்து அந்தப் பொறுப்பை முடித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நண்பர் குறிப்பிட்ட மாற்றம் உண்மையானது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்த 213-ஆம் பிரிவை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லைக்குள்ளும் (அவை சொத்து வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் நகரப் பகுதி) பழைய வங்காளப் பகுதியிலும் ஓர் இந்து எழுதிய உயில், அல்லது வேறெங்கு எழுதப்பட்டாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றிய உயில், நீதிமன்றம் அதை மெய்யெனச் சான்றளித்துத் தரும் புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமைக்கு ஆதாரமாகாது என்பதே அப்பிரிவின் விளைவு. இந்தக் கட்டாயத்தின் வேர் 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வரை செல்கிறது. வெளியூரில் எழுதிய உயில் என்றால் புரசைவாக்கத்து வீட்டுக்குப் புரோபேட் வேண்டும், தாம்பரத்து வீட்டுக்கு வேண்டாம் என்பதே அன்றைய நிலை. ஓர் இந்துவின் உயிலுக்கு வேண்டும், ஓர் இஸ்லாமியரின் உயிலுக்கு வேண்டாம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு அளிக்கப்பட்டது. இப்படி ஊருக்கும் மதத்துக்கும் ஏற்ப மாறிய ஒரு விதி போனது சரியே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் நீங்கியது கட்டாயம் மட்டுமே. உயிலை மெய்ப்பிக்க வேண்டிய கடமையும், இறந்தவரின் கடனைத் தீர்த்துச் சொத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பும் அப்படியே இருக்கின்றன. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. புரோபேட் நடைமுறையோடு சேர்ந்து வந்த இரண்டு பாதுகாப்புகள், அதாவது தொடர்புடைய எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுப்பதும் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டுவதும், இனி யாரும் கேட்காமலேயே மறைந்துபோகக்கூடும். அவற்றால் அதிகம் பயனடைந்தவர்கள் குடும்பத்தில் குரலற்றவர்கள். எங்கள் குடும்பத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

என் அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. தம் சம்பளத்தில் புரசைவாக்கத்தில் ஒரு சிறிய வீட்டை வாங்கியிருந்தார். 2011-இல் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு ஓர் உயிலைப் பதிவு செய்தார். வீடு, கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்ட என் தங்கைக்கு. நகைகள் கணவரின் தம்பி மகளுக்கு. வங்கியிலிருந்த வைப்புத்தொகை, இருபது ஆண்டுகளாக அவர் வீட்டில் சமைத்து, நோயில் விழுந்தபோது உடனிருந்து கவனித்த அம்மாளுக்கு என்று அதில் எழுதியிருந்தது. நிறைவேற்றுநராக என்னை நியமித்திருந்தார். 2018 நவம்பரில் அவர் காலமானார்.

பதிவு செய்த உயில்தானே, இனி என்ன இருக்கிறது என்று நானும் அப்போது நினைத்தேன். முதலில் நான் போய்ப் பார்த்த வழக்கறிஞர் ஒரு பெரிய தொகையைச் சொல்லி, எழுத்தில் எதையும் தர மறுத்துவிட்டார், திரும்பிவிட்டேன். பிறகு தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். அவர் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அத்தையின் காகிதங்கள் அனைத்தையும் மேசைமேல் விரிக்கச் சொல்லி மூன்று கட்டுகளாகப் பிரித்தார். ஒன்று, நீதிமன்றம் போகாமலேயே விண்ணப்பம் கொடுத்து முடிக்கக்கூடியவை. ஓய்வூதிய நிலுவை, அஞ்சலகச் சேமிப்பு போன்றவை. இரண்டாவது, நியமனதாரர் (நாமினி) பெயர் இருப்பவை. மூன்றாவதுதான் உயிலின்படி நிறைவேற்ற வேண்டிய வீடும் நகையும். "மூன்றாவது கட்டுக்கு மட்டும்தான் என் வேலை, மற்றவற்றுக்கு எனக்குக் காசு கொடுக்காதீர்கள்" என்றார். எந்த வேலைக்கு எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம் தனி, எதிர்ப்பு வந்தால் கூடுதலாக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அன்று அவர் கேட்ட இரண்டு கேள்விகளின் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. உயில் எழுதிய நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது முதல் கேள்வி. நான் அப்போது நெய்வேலியில் பணியில் இருந்தேன் என்றேன். நல்லது என்று குறித்துக்கொண்டார். உயிலால் பயனடைபவரோ அவருக்கு வேண்டியவரோ அதை எழுதுவதில் முன்னின்றிருந்தால் அதுவே ஐயத்துக்கு இடமளிக்கும் சூழ்நிலையாகிவிடும் என்றும், அந்த ஐயத்தை உயிலை முன்வைப்பவர்தான் போக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் விளக்கியிருப்பதாகச் சொன்னார். இரண்டாவது கேள்வி, உயில் இல்லாவிட்டால் இந்தச் சொத்து யாருக்குப் போயிருக்கும் என்பது. அண்ணன் தம்பி பிள்ளைகளான எங்களுக்குத்தான் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

இந்த இடத்தைப் பெண் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்து, பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால், அவர் தம் உழைப்பில் சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்கே செல்லும். அவர்கள் யாரும் இல்லாதபோதுதான் பெற்றோருக்கு வரும். தாய் தந்தை வழியில் வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளிடம் திரும்பும். ஆகவே அத்தையின் கணவருடைய தம்பி பிள்ளைகள் மூவரும்தான் உயில் இல்லாவிட்டால் வாரிசுகள். அவர்களுக்கு அறிவிப்புத் தராமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. நாங்கள் அவர்களைப் பார்த்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. முகவரி தேடவே ஒரு மாதம் ஆயிற்று.

2019 ஜூனில் மனுத் தாக்கலானது. மூவரில் மூத்தவர் கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டார். எதிர்ப்பு வந்ததும் மனு வழக்காக மாறியது. கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவர், அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர், காலமாகியிருந்தார். மற்றொருவர் அத்தையுடன் பணிபுரிந்த ஆசிரியை. எழுபத்தெட்டு வயதில் கோயம்புத்தூரில் மகனோடு இருந்தார். அவர் ரயிலேறி வந்து சாட்சியம் பதிவு செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரியான மாஸ்டர் முன்னிலையில் நின்று, "அவர் என் கண்ணெதிரே கையெழுத்திட்டார், நானும் அவர் எதிரேதான் கையெழுத்திட்டேன்" என்று சொன்ன வாக்கியம்தான் எங்கள் வழக்கு. அதற்கிடையில் கொரோனா முடக்கமும் வந்து சேர்ந்தது. 2022-இல் புரோபேட் கிடைத்தது.

இந்த மூன்றாண்டுகள் வீணா என்ற நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இன்றைய சட்டத்தின்படி நான் மனுப் போட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மூத்தவர் அப்போதும் எதிர்த்திருப்பார்; உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருப்பார். அங்கேயும் உயில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறபடி குறைந்தது இரு சாட்சிகளால் சான்றொப்பமிடப்பட்டது என்பதை நாங்கள் மெய்ப்பித்தாக வேண்டும். சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரை அழைத்துத்தான் உயிலை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் 67-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பதிவு செய்த உயிலுக்கும் இதில் விலக்கு இல்லை. அந்த ஆசிரியை அதே ரயிலில்தான் வந்திருப்பார். சில ஆண்டுகள் கழித்து வழக்கு வந்திருந்தால், அவர் வர முடியாத நிலையிலும் இருந்திருக்கலாம். மேலும் புரோபேட் என்பது உலகறியச் சொல்லப்படும் தீர்ப்பு. உயில் மெய்யானது என்பதில் அது எல்லோரையும் கட்டும். வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமானதா என்பதை மட்டும் அந்த நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதை மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே எதிர்ப்பு வரும் என்று தெரிந்த குடும்பங்கள், கட்டாயமில்லாவிட்டாலும் தாமாகவே புரோபேட் கேட்டுப் பெறுவது நல்லது. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. சட்டத்தின் மற்ற பிரிவுகள் நீக்கப்படவில்லை. உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இருந்தால் அவருக்குத்தான் புரோபேட் கிடைக்கும். பெயர் இல்லையென்றாலோ உயிலே இல்லையென்றாலோ இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாக உரிமையைக் கேட்டு மனுச் செய்ய வேண்டும். வங்கிப் பணம், கடன் பத்திரம் போன்றவை மட்டுமே என்றால் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்று போதும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இவை எதற்கும் மாற்றாகாது. குடும்பத்தில் யார் யார் என்று அது சொல்லுமே தவிர, சொத்தில் யாருக்கு உரிமை என்று தீர்மானிக்காது. இவற்றில் எது நமக்கு வேண்டும் என்று அறியாமல் தரகர் சொல்வதைக் கேட்டு ஓராண்டை இழந்தவர்களை நான் நீதிமன்ற வராந்தாவிலேயே பார்த்தேன். எது தேவையில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிற வழக்கறிஞரைத்தான் நாட வேண்டும். அதற்கு இறப்பு நடந்த சில வாரங்களுக்குள் போக வேண்டும். இத்தகைய மனுக்களுக்கும் மனுச் செய்யும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் காலவரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியிருக்கிறது. காலவரம்பு ஒருபுறம் இருக்க, தாமதமே ஐயத்தை எழுப்பிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அத்தையின் வைப்புத்தொகைக்கு நியமனதாரராக இருந்தவர் என் தம்பி மகன். அத்தை இறந்த மறுவாரமே வங்கியில் படிவத்தை வாங்கி வந்துவிட்டான். பணம் அவனுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். சமையல் செய்த அம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். எங்கள் வழக்கறிஞர்தான் அவனை அழைத்து உட்காரவைத்து, நியமனதாரர் பணத்தை வங்கியிடமிருந்து பெறும் கை மட்டுமே, அது சேர வேண்டியவரிடம் அதைச் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார். காப்பீட்டுத் தொகை பற்றி 1983-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினார். நிறுவனப் பங்குகள் பற்றியும் அதே நீதிமன்றம் பின்னர் 2023 டிசம்பரில் இதையே சொன்னது. பிள்ளை நல்லவன், புரிந்துகொண்டான். மனுவின் அறிவிப்பு அந்த அம்மாளின் கைக்குப் போனபோதுதான் அத்தை தமக்கு ஏதோ எழுதி வைத்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அவர், அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து, "இது என்ன ஐயா, ஏதாவது கேஸா?" என்று பயத்தோடு கேட்டதை நான் மறக்கவில்லை.

புரோபேட் மனு என்று ஒன்று இல்லாமலிருந்தால் அந்தத் தாள் அவருக்கு வந்திருக்காது. வாரிசுகளுக்கு மட்டுமன்றி, உரிமை கோரக்கூடிய எவருக்கும் அறிவிப்புத் தர நீதிமன்றத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதுபோலவே 317-ஆம் பிரிவின்படி புரோபேட் பெற்ற நிறைவேற்றுநர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இனிப் பலர் புரோபேட் கேட்கப் போவதில்லை. அப்படியானால் பட்டியலை யார் கேட்பார்கள்? உயிலில் பெயர் இருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கோ, வெளியூரில் இருக்கும் விதவைத் தங்கைக்கோ, மனவளர்ச்சி குன்றிய தம்பிக்கோ அந்த உயில் இருப்பதை யார் சொல்வார்கள்? மதுரையிலும் திருச்சியிலும் இந்தக் குறை முன்பே இருந்தது. இப்போது சென்னைக்கும் வந்திருக்கிறது.

இதற்கு நான் காணும் வழி, நீதிமன்றம் கேட்காவிட்டாலும் நிறைவேற்றுநர்கள் இவ்விரண்டையும் தாமாகச் செய்ய வேண்டும், வழக்கறிஞர்கள் அதைத் தங்கள் வேலையின் பகுதியாகவே கருதிச் செய்விக்க வேண்டும் என்பதுதான். எங்கள் வழக்கறிஞர் முதல் நாளிலேயே ஒரு நீளநோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு ரூபாயும் அதில் ஏறியது. அத்தையின் பீரோவையும் வங்கி லாக்கரையும் தனியாகத் திறக்கக் கூடாது என்று சொல்லி, இரு தரப்பிலிருந்தும் ஒருவரை வரவழைத்து, ஒரு மூக்குத்தி வரை எடை போட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வைத்தார். அத்தை தர வேண்டிய சிறு கடன் ஒன்றும் மருத்துவமனைப் பாக்கியும் வருமான வரி நிலுவையும் இருந்தன. உறவினர்கள் நகையை உடனே பிரித்துக்கொள்ள அவசரப்பட்டபோது அவர் தடுத்தார். இறுதிச் சடங்குச் செலவும் கடைசிக்கால மருத்துவச் செலவும் முதலில். பிறகு நீதிமன்றச் செலவு. இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வீட்டில் வேலை செய்தவருக்குத் தர வேண்டிய கூலி. அதன்பின் மற்றக் கடன்கள். எல்லாம் தீர்ந்தபின்தான் உயிலில் எழுதிய கொடைகள் என்று சட்டத்தில் வரிசையே இருக்கிறது. இந்த வரிசையை மீறிச் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு கடன்காரர் வந்து நின்றால் நிறைவேற்றுநரே தம் கையிலிருந்து ஈடுசெய்ய நேரலாம். கொடைகளை வழங்க இறப்பு நாளிலிருந்து ஓராண்டு வரை அவகாசமும் சட்டத்தில் உண்டு. சமைத்த அம்மாளுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கியிருந்தது என்பதே இந்த வரிசையைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

வழக்கறிஞர் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. துக்க வீட்டிலிருந்து வருகிறவர் எதையும் பேரம் பேசும் மனநிலையில் வருவதில்லை. செய்யப்போகும் வேலையையும் கட்டணத்தையும் எழுத்தில் தருவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. நிலுவையில் இருக்கும் பழைய மனுக்களைத் தொடர்வதா, திரும்பப் பெறுவதா என்பதையும் ஒவ்வொரு கட்சிக்காரரின் நிலையைப் பார்த்து அவர்களே தெளிவாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயம் அல்ல இது.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கான ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதோடு, பதிவு செய்த உயிலின் நகலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோதான் பெற முடியும் என்றாலும், அவர் இறந்தபின் இறப்புச் சான்றைக் காட்டி யார் வேண்டுமானாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டுப் பெறலாம். தமக்கு ஏதோ எழுதி வைத்ததாகக் கேள்விப்பட்டு, கேட்கத் தயங்கி நிற்கும் ஒருவருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

தங்கள் நாளிதழ் 213-ஆம் பிரிவு நீக்கப்பட்ட செய்தியை வெளியிட்டது போலவே, நீங்காமல் நிற்கும் இந்தக் கடமைகளையும், மேலே சொன்ன நகல் பெறும் உரிமையையும், இலவச சட்ட உதவி பற்றிய விவரத்தையும் எளிய தமிழில் ஒரு கட்டுரையாகத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தையின் கணக்கு நோட்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், வைப்புத்தொகை வட்டியோடு முழுவதும் பெற்றுக்கொண்டதாக அந்த அம்மாள் எழுத்தெழுத்தாக எழுதிய கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்,
பெரம்பூர், சென்னை.